வெடிப்புக்குள் இருந்தவர்

என் கதையில் வந்த கெட்டவருக்கு ஆயிரம் வயதுக்கு மேல். நாகலாபுரம் பக்கத்துக் கரிசல் ஊர் ஒன்றுக்கு அடியில் அவர் படுத்திருந்தார். கோடையில் மண் பாளம் பாளமாக வெடிக்குமே, அந்த வெடிப்பு வழியாக மேலே நடமாடுகிறவர்களைப் பார்த்துக்கொண்டிருப்பார். தொடரை ஆரம்பிக்கும்போது அவரைப் பற்றி எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். செல்போன் ஆப் ஒன்றில் வாரம் மூன்று நாள் ஒலித்தொடராக வந்த மாயக்கதை அது. நான் எழுதி அனுப்புவேன், சென்னையில் யாரோ வாசித்துப் பதிவு செய்வார்கள்.

எழுத்தாளர் என்று சொல்லிக்கொள்ள எனக்கு வாய் வராது. கோவில்பட்டியில் ஒரு தீப்பெட்டி ஆபீசில் சூப்பர்வைசராக இருக்கிறேன். எங்கள் ஊரில் தீப்பெட்டித் தொழிற்சாலையை ஆபீஸ் என்றுதான் சொல்வோம். விடியற்காலையில் எழுந்து, உலை கொதிக்கிற நேரத்தில் அடுப்புப் பக்கத்தில் நின்றபடி கட்டைவிரலால் செல்போனில் தட்டித் தட்டி எழுதிய கதை. எட்டரை மணிக்கு ஆபீஸ். சாயங்காலம் திரும்பும்போது இரண்டு காலும் விட்டுப்போயிருக்கும். வாசலைத் தாண்டியதும் யார் மேலாவது எரிந்து விழுவேன். காரணத்துக்கா பஞ்சம்? மடிக்காத துணி, மூடாத குடம், கழுவாத டம்ளர். சில நாள் மகளைக் கை நீட்டி அடித்ததும் உண்டு. அலுப்பில் வருகிற கோபம் கோபத்தில் சேராது என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

படிக்கிறவர்களிடம் ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்த வருஷம் என் மகள் பன்னிரண்டாவது முடித்திருந்தாள். அவளுக்குச் சட்டம் படிக்க ஆசை. திருநெல்வேலியில், விடுதியில் தங்கி. இது அவள் அப்பாவுக்குத் தெரியும், அவள் கூட்டாளிகளுக்குத் தெரியும், எதிர்வீட்டுக்காரிக்குக்கூடத் தெரியும். எனக்கு மட்டும் தெரியாது. விண்ணப்பிக்கக் கடைசி நாள் நெருங்கிக்கொண்டே வந்தது. என்னிடம் எப்படிச் சொல்வது என்று அப்பாவும் மகளும் நாளைக் கடத்திக்கொண்டிருந்தார்கள். நான் உள்ளூர்க் கல்லூரியில் பி.காம். என்று என் மனதுக்குள் சேர்த்தே விட்டிருந்தேன். "என்னட்டி படிக்கப் போற?" என்று நான் கேட்காமல் இல்லை. கேட்டால், "ஒன் இஷ்டம்மா" என்பாள். சொன்ன பேச்சைக் கேட்கிற பிள்ளை என்று அக்கம்பக்கத்தில் பெருமையாகச் சொல்லிக்கொள்வேன். அவளைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பற்றிக் கவலைப்பட்டேன் என்றுதான் சொல்ல வேண்டும். அந்தச் சமயத்தில் என் பெரிய கவலை அந்த ஆயிரம் வயதுக்காரர்.

தொடரைப் பார்த்துக்கொள்கிற பெண் சென்னையிலிருந்து போன் பண்ணினாள். சின்ன வயது, பேச்சு வெட்டு ஒன்று துண்டு இரண்டு.

"மேம், ஹீரோ ஓகே. வில்லன்தான் எடுபடலை. கமெண்ட்ஸ் பாத்தீங்களா? காமெடி பீஸ்னு போடறாங்க. இன்னும் பத்து எபிசோட் பாக்கலாம். இல்லேன்னா முடிச்சிக்கலாம் மேம், தப்பா எடுத்துக்காதீங்க."

தப்பாக எடுத்துக்கொள்ள எனக்குத் தெம்பு இல்லை. அவள் சொன்னது சரி என்று எனக்கே தெரியும். நான் செய்து வைத்திருந்த காரியம் அப்படி. இரண்டாவது அத்தியாயத்தில் அவர் ஓர் ஊரை எரித்தார். ஐந்தாவதில் ஒரு நாட்டை எரித்தார். ஒன்பதாவதுக்கு வரும்போது எரிக்க ஒன்றும் மிச்சமில்லை. கண்ணில் நெருப்பு, குரலில் இடி, உயரம் பனைமரம் அளவு என்று கையில் கிடைத்ததையெல்லாம் அவர் மேல் அள்ளிப் போட்டேன். போடப் போட ஆள் சின்னதாகிக்கொண்டே போனார். பலத்தைக் கூட்டினால் பயம் கூடும் என்பது என்னைப் போன்ற கற்றுக்குட்டிகள் எல்லாரும் செய்கிற தப்பு.

அது எடுபடவில்லை என்றதும் அவருக்கு ஒரு சோகத்தை வைத்தேன். ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் காதலித்த பெண் ஏமாற்றிவிட்டாள், அதனால்தான் இப்படி ஆனார் என்று. மறுநாள் மத்தியானம் ஆபீசில் பெட்டி அடைக்கிற பெண்கள் சாப்பாட்டு நேரத்தில் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். அதில் ஒருத்தி காதில் வயரை மாட்டிக்கொண்டு என் தொடரைத்தான் கேட்டுக்கொண்டிருந்தாள். எழுதுவது நான் என்று அவர்களுக்குத் தெரியாது.

"ஆயிரம் வருசமா ஒரு பொம்பளைய நெனச்சு அழுதுக்கிட்டு கெடக்கானாம். அவனுக்கு வேற சோலி கெடையாதாட்டி?" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். அதற்குள் ஒருத்தி என்னைப் பார்த்துவிட்டாள். சிரிப்பு அப்படியே நின்றது, காதிலிருந்த வயர் மடிக்குள் போனது. ஒருத்தி, கீழே ஒன்றுமே சிந்தாத இடத்தைக் கையால் கூட்ட ஆரம்பித்தாள். கதை அடிவாங்கியது வருத்தம்தான். ஆனாலும் சூப்பர்வைசர் என்றால் இந்த மரியாதை இருக்க வேண்டும் என்று உள்ளுக்குள் ஒரு திருப்தி இருந்தது. அதையும் மறைக்காமல் சொல்கிறேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை தம்பியைப் பார்க்கப் போனேன். நாகலாபுரம் பக்கம் ஆடு வைத்திருக்கிறான். எங்கள் பிறந்த வீடே ஆட்டுக்காரர் வீடுதான். இப்போது கொஞ்சம் கம்பு, உளுந்தும் போடுகிறார்கள். யாரோ ஒருவருடைய புஞ்சைக் காட்டில் உரத்துக்காக ஆட்டைக் கிடை போட்டிருந்தான். நான் போன நேரம், அந்தத் தடவை ஈன்ற ஈத்துக் குட்டிகளுக்கு அடையாளத்துக்காகக் காதில் சின்னதாக வெட்டுப் போட்டுக்கொண்டிருந்தான். ஒரு குட்டியை மட்டும் கையில் தூக்கிப் பார்த்துவிட்டு, வெட்டாமலே இறக்கி விட்டான்.

"அதுக்கு ஏம்லே வெட்டல?"

"அது நரிக்கு விட்டதுல்லாக்கா."

எனக்கு மறந்தே போயிருந்தது. எங்கள் வீட்டில் அது வழக்கம். ஒவ்வோர் ஈத்திலும் ஒரு குட்டியை நரிக்கு என்று காது வெட்டாமல் விட்டுவிடுவார்கள். அது நம்முடையது இல்லை. நரி வந்தால் அதை எடுத்துக்கொண்டு போகட்டும், மற்றதைத் தொடாமல் இருக்கட்டும் என்று ஒரு பேச்சு. நரி அதற்குச் சம்மதித்ததா என்று யாரும் கேட்டதில்லை.

"இங்கன நரியப் பாத்து எம்புட்டு வருசம் இருக்கும்?"

"நான் பாத்ததே இல்ல."

"பொறவு எதுக்குலே விடுத?"

"விட்டுப் பழகிட்டுக்கா. ஒரு ஈத்து விடாம இருந்து பாக்க எனக்குத் தைரியம் இல்ல." கத்தியைத் துணியில் துடைத்துக்கொண்டே சொன்னான். பிறகு, "ஒன் கதையில வாரவன் ஓயாம கத்துதான்க்கா. காது வலிக்கி. அவன் வந்தாலே சத்தத்தக் கொறச்சு வச்சிட்டு ஆட்டப் பாக்கப் போயிருவேன்" என்றான்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் இடம் கிடைத்தது. ஜன்னலுக்கு வெளியே அறுப்பு முடிந்த காடு கருகருவென்று ஓடிக்கொண்டே இருந்தது. எனக்கு அந்தக் குட்டி மேலேயே நினைப்பு. நரி போய்விட்டது. எப்போது போனது என்று தெரியாது, ஒருவேளை நாங்கள் பிறப்பதற்கு முன்பே போயிருக்கும். ஆனால் அதற்கு இன்னும் பங்கு இருக்கிறது. என் தம்பி நரியின் முகத்தைப் பார்த்ததில்லை, ஊளையைக் கேட்டதில்லை, ஆனாலும் அதற்குக் கப்பம் கட்டிக்கொண்டிருக்கிறான். நான் பத்து அத்தியாயம் எரித்தும் வராத பயம் அந்த வெட்டாத காதில் இருந்தது.

அன்றைக்கு எனக்குப் புரிந்ததை இப்போதும் நம்புகிறேன். ஒரு நாள் வந்து ஊரை எரித்துவிட்டுப் போகிறவன் கொள்ளைக்காரன். ஆயிரம் வருஷம் இருக்கிறவன் எரிக்க மாட்டான். அவனுக்கு அந்தத் தேவையே இல்லை. ஊர் அவனுக்கு ஏற்றாற்போலத் தன்னை மாற்றிக்கொண்டிருக்கும். எந்தப் பாதையில் நடக்கக் கூடாது, எந்த வேளையில் பிள்ளையை அழவிடக் கூடாது, பந்தியில் எந்த இலையைக் காலியாக விட வேண்டும் என்பதெல்லாம் அங்கே எல்லாருக்கும் தெரியும். எதற்கு என்று கேட்டால் யாருக்கும் சொல்லத் தெரியாது. பழைய கெட்டவனைக் காட்ட வேண்டும் என்றால் அவனைக் காட்டக் கூடாது. அவனோடு வாழ்ந்து பழகியவர்களைக் காட்ட வேண்டும். அவர்களுடைய கையும் காலும் தானாகச் செய்கிற சின்னச் சின்னக் காரியங்களில்தான் அவன் இருக்கிறான்.

ஆனால் அந்தச் சின்னக் காரியங்கள் எனக்கு வரவில்லை. இரண்டு நாள் அடுப்படியில் நின்று யோசித்தும் ஒன்றும் தட்டுப்படவில்லை. கடைசியில் மகளிடம் கேட்டேன். தொடரை அவள் கேட்பாள் என்று தெரியும். வேகத்தைக் கூட்டி வைத்துத்தான் கேட்பாள். ஆனாலும் கேட்பாள். அன்றைக்கு மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தாள்.

"ஏட்டி, ஆயிரம் வருசமா ஒருத்தரு ஒரு ஊருக்கு அடியில இருக்காருன்னு வச்சுக்கோ. பொல்லாத ஆளு. சனம் ஊர விட்டுப் போகவும் முடியாது. அந்த ஊர்ச்சனம் எப்படி இருக்கும்?"

கொடியிலிருந்து அடுத்த துணியை உருவினாள். "அவருக்குக் கோவம் வருமா?"

"வரும். எப்ப வரும்னு யாருக்கும் தெரியாது."

"தெரியாம இருக்காதும்மா. கண்டுபிடிச்சு வச்சிருப்பாங்க" என்றாள்.

அப்படி ஆரம்பித்தாள். அந்த ஊரில் காலையில் எழுந்ததும் வெடிப்பு ஓரத்தில் ஒரு செம்பை வைப்பார்கள். உள்ளிருந்து அவர் அதை வாங்கி வைக்கும்போது டங்கென்று சத்தம் வந்தால் அன்றைக்கு ஒருவரும் வாய் திறக்க மாட்டார்கள். மெதுவாகக் கேட்டால் கொஞ்சம் பேசலாம். வேண்டியதை யாரும் நேராகக் கேட்க மாட்டார்கள். முதலில், "வெயில் அதிகமோ?" என்று சம்பந்தமில்லாமல் ஒன்றைக் கேட்பார்கள். பதில் எப்படி வருகிறது என்று பார்த்துவிட்டுத்தான் மற்றது. நல்ல சேதியை முதலில் சொல்வார்கள். கெட்ட சேதியை அவர் சாப்பிட்டு முடிக்கிற வரைக்கும் மடியில் கட்டி வைத்திருப்பார்கள். சும்மா உட்கார்ந்திருப்பதை அவர் பார்த்துவிடக் கூடாது என்று, குழந்தைகளுக்கு முதலில் கற்றுக்கொடுப்பதே வேலை செய்கிற மாதிரி பாவனை செய்வதுதான். ஒரு விஷயம் நடந்துவிட்டால், அது அவர் காதுக்குப் போகுமுன்பே எல்லாரும் கூடி, என்ன பொய் சொல்வது என்று பேசி வைத்துக்கொள்வார்கள். ஆளுக்கு ஒரு பொய் சொல்லிவிடக் கூடாது அல்லவா.

"அவரு எப்பவுமே கோவமா இருப்பாராட்டி?" என்று கேட்டேன். நான் ஒவ்வொன்றாகப் போனில் தட்டிக்கொண்டிருந்தேன்.

"இல்லம்மா. சில நாளு சிரிச்சுக்கிட்டு நல்லா இருப்பாரு. அன்னைக்குத்தான் ரொம்பப் பயம். எப்ப முடியும்னு தெரியாதுல்ல." துணியை மடித்து மடித்து அடுக்கினாள். "அவரு கெட்டவருன்னு யாரும் சொல்லவும் முடியாது. அந்த ஊருக்கே அவருதான் எல்லாம் பாக்காரு. அவரு இல்லன்னா சோறு இல்ல. அதனால முழுசா வெறுக்கவும் முடியாது. அதுதான் கஷ்டம்."

எனக்குப் புல்லரித்துப் போய்விட்டது. முழுசா வெறுக்கவும் முடியாது! இத்தனை நாள் நான் தேடிக்கொண்டிருந்த வில்லன் இவர்தான். கெட்டது மட்டுமே செய்கிறவனை வெறுத்துவிட்டு நிம்மதியாகத் தூங்கப் போய்விடலாம். கேட்பவனைத் தூங்கவிடாதவன், தன்னால்தான் எல்லாரும் பிழைக்கிறார்கள் என்று நம்புகிறவன். அந்த நம்பிக்கையில் பாதி உண்மையாகவும் இருக்க வேண்டும். அப்போதுதான் அவனை அழிப்பதற்குக் கதாநாயகன் மட்டுமல்ல, கதை கேட்கிறவர்களும் யோசிப்பார்கள்.

அப்புறம் நாலைந்து நாள் சாயங்காலம் ஆனால் மாடிக்குப் போய்விடுவோம். அவள் சொல்வாள், நான் தட்டுவேன். பத்தாவது முடித்ததற்குப் பிறகு அவள் என்னிடம் அத்தனை வார்த்தை சேர்ந்தாற்போலப் பேசியதில்லை. மகள் திரும்பக் கிடைத்துவிட்டாள் என்று எனக்குச் சந்தோஷம். சந்தோஷம் என்று சொன்னால் போதாது, ஆபீசில் நின்றுகொண்டிருக்கும்போதே அந்தச் சாயங்காலத்துக்காக ஏங்குவேன்.

தொடர் பிடித்துக்கொண்டது. அந்த மனிதர் மூன்று அத்தியாயமாக ஒரு வார்த்தை பேசவில்லை, வெடிப்புக்குள்ளிருந்து வெளியே வரவில்லை. ஆனால் கேட்டவர்கள் பயந்து எழுதினார்கள். ஒருவர், செம்புச் சத்தம் வந்தாலே தானும் பேச்சை நிறுத்திவிடுவதாக எழுதியிருந்தார். சென்னைப் பெண், "மேம், இதெல்லாம் எங்கேர்ந்து புடிக்கிறீங்க?" என்றாள். பெருமையில், "பொம்பளப் பிள்ளைய வளத்தா எல்லாம் வரும்மா" என்றேன்.

அடுத்த வாரம் சனிக்கிழமை, குச்சியில் மருந்து முக்குகிற மெஷினில் பெல்ட் அறுந்துபோனது. மூன்று மணிக்கே எல்லாரையும் அனுப்பிவிட்டார்கள். மினிபஸ்ஸில் இறங்கி நடந்து வரும்போதே எங்கள் வீட்டிலிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. என் வீட்டுக்காரர் ஆட்டோ ஓட்டுகிறார். மத்தியானம் சாப்பிட வந்திருந்தார் போல. அவரும் மகளும் சேர்ந்து சிரிக்கிறார்கள். அவர் ஏதோ வக்கீல் மாதிரி இழுத்து இழுத்துப் பேச, அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாள் என்று வெளியிலிருந்தே தெரிந்தது. அந்த வீட்டில் அப்படி ஒரு சிரிப்பு உண்டு என்பதே எனக்குத் தெரியாது. நானும் போய்ச் சேர்ந்துகொள்ளலாம் என்று ஆசையாகத்தான் கேட்டைத் திறந்தேன்.

சத்தம் அறுந்தது. உள்ளே போவதற்குள் மகள் ஒரு துண்டை மடித்துக்கொண்டிருந்தாள். அது ஏற்கனவே மடித்து வைத்திருந்த துண்டு. ஒரு தாள் அவசரமாகப் பாய்க்கு அடியில் போனது. என் டிபன் பாக்சை மேடையில் வைத்தேன். டங்கென்று விழுந்தது. இரண்டு பேர் தலையும் ஒன்றாக நிமிர்ந்தது.

"ஏளா, வெயில் ஜாஸ்தியோ?" என்றார் வீட்டுக்காரர்.

"எதுக்குச் சிரிச்சீங்க?" என்றேன்.

"டிவி" என்றார்கள். இரண்டு பேரும் ஒரே நேரத்தில். டிவி அணைந்து கிடந்தது.

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். அந்தச் செம்பு, அந்த வெயில், அந்தத் துண்டு, அந்தப் பொய் எல்லாம் நான் கதைக்கென்று கேட்டு வாங்கியவை. என் மகள் ஒன்றையும் கற்பனை பண்ணிச் சொல்லியிருக்கவில்லை. நான் என் வீட்டைப் பற்றி எழுதி, நாடு முழுக்க வாசிக்க விட்டு, நன்றாக இருக்கிறது என்று பாராட்டும் வாங்கியிருக்கிறேன்.

அவள் வேண்டுமென்றே சொன்னாளா, தெரியாமல் சொன்னாளா என்று நான் இன்று வரை கேட்கவில்லை.

மகள் மாடிக்குப் போனதும் வீட்டுக்காரரைப் பிடித்தேன். என்ன தாள் அது என்று கேட்டேன்.

"அவளுக்கு ஒரு ஆச இருக்கு. படிப்பு விசயம். வார வெள்ளிக்கெழம கடேசி நாளு. நான் சொன்னா நல்லா இருக்காது, அவளே ஒங்கிட்ட சொல்லணும்."

"எங்கிட்ட சொல்லுததுக்கு என்ன கேடு ஒங்களுக்கு? நான் என்ன கடிச்சா திங்கப் போறேன்? அப்பனுக்குத் தெரியும், பெத்தவளுக்குத் தெரியக் கூடாதோ?" என்று கத்தினேன்.

"இந்தா, இதுக்குத்தான்" என்றார்.

அவர் தினமும் தெருமுனையிலேயே ஆட்டோவை அணைத்துவிட்டு வீடு வரைக்கும் தள்ளிக்கொண்டு வருவார். பெட்ரோல் மிச்சம் பிடிக்கிறார் என்றுதான் இத்தனை வருஷமும் நினைத்திருந்தேன். அன்றைக்கு அதையும் கேட்டேன். "நீ அசந்து படுத்திருப்ப. சத்தங் கேட்டா ஒனக்கு ஆவாது" என்றார். குறையாகச் சொல்லவில்லை. மழைக்கு முன்னால் காய்ந்த வடகத்தை எடுத்து வைப்பதைச் சொல்வது மாதிரி, வீட்டு வேலைகளில் ஒன்றாகச் சொன்னார். எனக்கு அழுகை வந்தது. அழவும் கோபமாக இருந்தது.

மறுநாளிலிருந்து நல்லவளாகிவிடுவது என்று தீர்மானித்தேன். அதைவிடச் சிரமமான வேலை தீப்பெட்டி ஆபீசில்கூடக் கிடையாது. பாத்திரத்தைப் பூப்போல வைத்தேன். குரலை இறக்கிப் பேசினேன். கழுவாத டம்ளரை நானே கழுவினேன். பலன் என்ன என்றால், மகள் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள், வீட்டுக்காரர் பிரஷர் மாத்திரை சாப்பிட்டேனா என்று கேட்டார். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் சிரித்த முகமாக, "என்ன வேணும்னாலும் அம்மாட்ட சொல்லுட்டி" என்றேன். அவள் முகம் வெளுத்துப்போனது. "ஒண்ணுமில்லம்மா, நெசமா ஒண்ணுமில்ல" என்று இரண்டு தடவை சொன்னாள். சிரிக்கிற நாளில்தான் ரொம்பப் பயம் என்று அவளே எனக்குச் சொல்லியிருந்தாள்.

அந்த வாரமே கதையிலும் அதைச் செய்து பார்த்தேன். கெட்டவர் வெடிப்பிலிருந்து எழுந்து வந்து, "நான் மாறிவிட்டேன், இனி யாரும் பயப்பட வேண்டாம்" என்கிறார். கேட்டவர்கள் ஒருத்தர் விடாமல் ஒரே பதில் எழுதினார்கள்: இது அவனுடைய புதுச் சூழ்ச்சி, ஏமாறாதீர்கள். சென்னைப் பெண்ணும், "செம ட்விஸ்ட் மேம், அடுத்து எல்லாரையும் கொல்லப் போறார்ல?" என்றாள். நான் இரண்டு வாரம் லீவு கேட்டேன். அந்த மனிதரை என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. கொன்றால் தீர்ந்துவிடும் என்று இத்தனை நாள் நினைத்தேன். கொன்றாலும் அந்த ஊர்க்காரர்கள் மறுநாள் காலையில் எழுந்து செம்பு வைக்கத்தான் போகிறார்கள் என்று இப்போது தெரிந்துவிட்டது. அவர் தனக்குள் மாறுவதால் அவர்களுக்கு என்ன? பழகினது அவர்கள் உடம்பு. அலுப்பாக இருந்தது. ஒரு மனுஷி இவ்வளவு காலம் கத்திச் சேர்த்ததை நாலு நாள் மெதுவாகப் பேசிக் கரைத்துவிட முடியுமா என்ன.

வியாழக்கிழமை ஆபீசுக்குப் போகவில்லை. மறுநாள் கடைசி நாள். "வா, நெட் சென்டர் போவோம். நீ என்ன படிக்கணுமோ அதப் போடு, நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்" என்றேன். மகள் சான்றிதழ்களை ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு எடுத்துக்கொண்டாள். பஸ் ஸ்டாண்டு போகிற வரைக்கும் கவரை இரண்டு கையாலும் நெஞ்சோடு பிடித்திருந்தாள்.

நெட் சென்டரில் நல்ல கூட்டம். பிள்ளைகளோடு வந்த தாய் தகப்பன்மார் பெஞ்சில் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். பிரிண்டர் ஓடிக்கொண்டே இருந்தது, மின்விசிறி சத்தம் வேறு. எங்கள் முறை வர முக்கால் மணி நேரம் ஆனது. கம்ப்யூட்டர்க்கார அண்ணாச்சி நிமிர்ந்து பார்க்காமலே, "பாப்பாவுக்கு என்ன படிப்பு?" என்றார்.

"பி.காம்." என்றேன்.

சத்தியமாக நான் சொல்ல நினைக்கவில்லை. வழியெல்லாம் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு வந்தவள்தான். கேள்வி வந்ததும் வாய் பாட்டுக்குத் திறந்து பதில் சொல்லிவிட்டது.

"எம்மா!" என்றாள் மகள்.

கூட்டம் திரும்பிப் பார்த்தது. "எம்மா, படிக்கப் போறது நீயா, நானா? அவர் ஒங்கிட்டயா கேட்டாரு? இப்பத்தான ஒண்ணும் சொல்ல மாட்டேன்னு சொன்ன! எப்பப் பாரு நீயே பேசு, நீயே முடிவு பண்ணு. நாங்கள்லாம் எதுக்கு இருக்கோம்?" கத்திக்கொண்டே ஓரடி பின்னால் போனாள், பெஞ்சில் இடித்து நின்றாள். ஆனாலும் சொல்ல வந்ததைச் சொல்லி முடித்தாள்.

பொய் சொல்ல மாட்டேன், எனக்குச் சுருக்கென்று ஏறியது. இத்தனை பேர் முன்னால், பெற்ற பிள்ளை. உள்ளங்கை வரைக்கும் சூடு வந்துவிட்டது. என் கை எந்தப் பக்கம் போகிறது என்று அவள் கவனித்துக்கொண்டிருந்தாள். நானும் அதைத்தான் கவனித்துக்கொண்டிருந்தேன். பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

"அவ சொல்லுததப் போடுங்க அண்ணாச்சி" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை.

அவர் இப்போதுதான் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். "நீயே சொல்லும்மா, எதுக்குப் போடட்டும்?"

அவள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். பிரிண்டர் சத்தத்தில் அது பாதிதான் வெளியே வந்தது.

"சத்தமா சொல்லு பாப்பா."

"சட்டம்" என்றாள் மகள், "திருநெல்வேலியில." இந்தத் தடவை அவள் என்னைப் பார்க்கவில்லை.